பதினெட்டாவது ஆள்

நான் பஸ் ஓட்டுகிறவன். கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவேன். ஞாயிறில் கொம்பனி எங்கே அனுப்புகிறதோ அங்கே போவேன். போன வருடம் ஒக்டோபரில் ஒரு சின்னக் கல்லூரியின் விளையாட்டு அணியைத் தந்தார்கள். சீசன் முடியும்வரை நீதான் என்றார்கள். சரி என்றேன்.

தாளில் அமெரிக்கன் ஃபுட்போல் என்று இருந்தது. ஃபுட்போல்தானே என்று நினைத்தேன். கல்லூரி வாசலில் பஸ்ஸை நிறுத்தினால் பெடியள் ஆளுக்கொரு மூட்டையோடு நிற்கிறார்கள். ஹெல்மெட். தோளிலும் நெஞ்சிலும் போடுகிற கவசம். ஆமை ஓடு மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு ஆள் அகலம். கீழே சாமான் பெட்டிக்குள் போடுங்கோ என்றேன். போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெடித்துப் பிளக்குமாம். கல்லூரி தந்த பழைய சாமான், வெடித்தால் வேறு இல்லையாம். பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டார்கள். பெரிய பஸ், இடம் கிடந்தது. நானும் விட்டுவிட்டேன். அது நான் விட்ட முதல் பிழை.

அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றாள். இரண்டாம் வருடம் படிக்கிறவள். ஆடுகிறவள் இல்லை. கமராவில் ஆட்டத்தைப் படம் பிடிப்பாள், தண்ணீர் கொடுப்பாள், கை கால் பிசகினவனுக்கு ஒட்டுப் பட்டி சுற்றுவாள். அவளைக் காரில் கொண்டுவந்து விட்டது தாய். தாய் இறங்கி நேரே என்னிடம் வந்தா. கையில் ஒரு பெரிய பெட்டி.

"அண்ணை தமிழோ?"

"ஓம்."

"எந்த இடம்?"

"மானிப்பாய்ப் பக்கம். இப்ப லண்டனிலை, ஃபாரஸ்ட் கேட்."

"நாங்கள் மன்னார். இதிலை மட்டன் ரோல்ஸ் இருக்கு. எல்லாருக்கும் காணும். உங்களுக்கும் சேத்துத்தான்." பிறகு குரலைக் குறைத்தா. "அண்ணை, ஒரு உதவி. இந்த விளையாட்டை நான் யூடியூபிலை பாத்தனான். மாடு முட்டுற மாதிரி முட்டுறாங்கள். இவள் வெளியிலை நிண்டு படம் எடுக்கட்டும். உள்ளுக்கை மட்டும் இறங்கக் கூடாது. நீங்கள் பாத்துக் கொள்ளுவியளோ?"

"ஓம்," என்றேன்.

நான் குறையக் கதைக்கிறவன். ஓம் என்று சொன்னால் அதற்குள் எல்லாம் இருக்கும்.

பிள்ளை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அங்கிள் ட்ரைவர். பேபிசிட்டர் இல்லை."

"நீ சும்மா இரு. சனி பின்னேரம் சேர்ச்சுப் பூசைக்கு வந்தபடியாத்தான் இண்டைக்கு விடுறன். அதை நினைவிலை வைச்சிரு."

அவள் அங்கிள் என்றதைப் பிடித்துக்கொண்டு, அன்று மத்தியானத்துக்கிடையில் முழுப் பஸ்ஸும் என்னை அங்கிள் என்றது. கறுப்புப் பெடியன், வெள்ளைப் பெடியன், போலந்துப் பெடியன், எல்லாருக்கும் நான் அங்கிள்.

அணித்தலைவன் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெடியன். கடைசி வருடம். பந்தை எறிகிறவன் அவன்தான். அவன் கல்லூரிக்கு வந்த வருடம் இந்த அணி செத்துக் கிடந்ததாம். வாசலில் மேசை போட்டு, போகிறவன் வருகிறவனை எல்லாம் மறித்துச் சேர்த்தவனாம். அன்றைக்கும் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். மைதான ஓரத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் அதில் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்புறுதி இல்லை என்றான். ஆடுகிறவன், ஆடாதவன் என்று பிரிக்க அவனுக்குப் பஞ்சி, சோம்பேறித்தனம். எல்லாரையும் ஆட்டக்காரர் என்றே பதிந்தான். பிள்ளையும் கையெழுத்து வைத்தாள். என்னிடமும் நீட்டினான்.

"எனக்கு ஐம்பத்தெட்டு," என்றேன்.

"வயதெல்லை இல்லை, அங்கிள்."

"முழங்காலுக்கு இருக்கு."

சிரித்துவிட்டுப் போனான்.

புறப்பட முன் நான் தலை எண்ணுவேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளை விரல் நீட்டி எண்ண விடமாட்டார்கள். கண்ணூறு படும் என்பார்கள். கோழிக்குஞ்சை எண்ணலாம், பிள்ளையை எண்ணக்கூடாது. நான் அதையெல்லாம் பெரிதாக நம்புகிறவன் இல்லை. ஆனால் கை வராது. ஆகவே என் சீட்டில் இருந்தபடி, மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்து, வாய்க்குள் எண்ணுவேன். இருபத்தைந்து வருடம் அப்படித்தான் எண்ணினேன். ஒருக்காலும் பிழைக்கவில்லை.

முதல் இரண்டு ஆட்டமும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்து முட்டை மாதிரி. ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுவான். விழுத்துவார்கள். எழும்பிக் கூடிக் கதைப்பார்கள். திரும்பவும் நிரை கட்டி நின்று அதையே செய்வார்கள். பிள்ளை என்னிடம் வந்து விளங்கப்படுத்தினாள். நாலு தரத்துக்குள் குறித்த தூரம் முன்னுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு.

"மறிக்கிறவனைத் தாண்டிப் போறது," என்றேன்.

"ஓம் அங்கிள். அவ்வளவுதான்."

"கிளித்தட்டு."

"அது என்ன?"

"கோடு கீறி, கோட்டிலை ஆள் நிண்டு மறிக்கிறது. தாண்டினால் வெற்றி. மறிக்கிறவன் கண்டபடி ஓடக்கூடாது. நிக்கிற இடம் சரியா இருந்தால் வாறவன் தானா வந்து மாட்டுவான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கமராவைத் திருப்பிக் காட்டினாள். எதிர்ப்பக்கத்தில் ஓடுகிறவன் பந்து வர முதல் எந்தக் காலை முன்னுக்கு வைக்கிறான், அதைப் பார்த்தால் எந்தப் பக்கம் ஓடப்போகிறான் என்று தெரியுமாம். ஒவ்வொரு ஞாயிறும் பிடித்த படத்தைக் கிழமை முழுக்கப் பார்ப்பாளாம். "கோச்சுக்குச் சொல்லுவன். கோச் பெடியளுக்குச் சொல்லுவார். ஒருத்தரும் கேக்க மாட்டினம்," என்றாள். கோச் என்றது அவர்களின் பயிற்சியாளரை. தொண்டை எப்போதும் அடைத்துப்போன ஒரு நல்ல மனிதர். பகலில் எங்கேயோ குழாய் வேலை.

இந்த விளையாட்டில் பெண்பிள்ளைகளும் சேர்ந்து ஆடலாமாம். எங்கள் அணியில் ஒருத்தியும் ஆடவில்லை.

தோற்றார்கள். நன்றாகத் தோற்றார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியும் இல்லை. இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் எதிராளிகள் எங்கள் பெடியளுக்குப் பாவப்பட்டு மெதுவாக ஓடினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டு. தோற்ற பெடியள் இப்படிப் பாடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ரோல்ஸ் பெட்டி முன்னிருந்து பின்னுக்குப் போய் வெறுமையாகத் திரும்பி வரும். கடைசி ரோலை எடுக்கிறவன் எப்போதும் ஒருவன்தான். அவனைப் பெரியவன் என்பேன். நடுவில் குனிந்து நின்று பந்தைக் காலுக்குள்ளால் பின்னுக்குக் கொடுப்பவன். என் பஸ் படியில் அவன் கால் வைத்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். மிக மரியாதையான பெடியன். இறங்கும்போது ஒவ்வொரு தரமும் கை கொடுப்பான். என் கை அவன் கைக்குள் காணாமற் போகும்.

நவம்பர் முடிய ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். முப்பத்தொரு பேராய்த் தொடங்கியது. ஒருவனுக்குத் தோள். ஒருவனுக்குக் கணுக்கால். ஒருவனுக்குப் படிப்புச் சோதினை. ஒருவனுக்குக் காதலி. ஞாயிறு வேலை கிடைத்துப் போனவர்கள் மூன்று பேர். அவர்களில் நான் பிழை காணவில்லை.

டிசம்பரில் ஒரு ஆட்டம். இரண்டு மணித்தியாலம் ஓடிப் போனோம். காய்ச்சல் வந்து ஆட்கள் நின்றுவிட, பதினாறு பேர். ஆட்டம் தொடங்க முதல் நடுவர் வந்து எண்ணினார். கவசம் போட்டு முழு உடுப்போடு பதினெட்டுப் பேர் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை, எதிராளிக்கு வெற்றி. நடுவர் விரல் நீட்டித்தான் எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். பிறகு தலையை ஆட்டினார்.

பெடியள் கவசத்தோடு திரும்பி நடந்து வந்தார்கள். நான் அப்போதுதான் தேநீர் ஊற்றினேன். வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அன்றைக்குப் பாட்டு இல்லை. அணித்தலைவன் முன்சீட்டில் வந்து இருந்தான். பிறகு சொன்னான், கல்லூரியின் விளையாட்டு அலுவலகம் முதலே சொல்லியிருக்கிறதாம். ஆள் இல்லாமல் ஒரு ஆட்டம் விட்டால் எச்சரிக்கை. இரண்டாவதும் விட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள். சாமானை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நான் வெளிக்கிட்டால் போகட்டும் அங்கிள். எனக்கு இது கடைசி வருடம். ஆனால் நான் போனபிறகும் இது இருக்க வேண்டும்." அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எத்தனை ஆட்டம் கிடக்கு?"

"மூன்று."

"ஆக்களைச் சேர்."

"சேர்க்கிறேன்."

சேர்த்தான். எப்படியென்று தெரியாது. ஜனவரியில் பத்தொன்பது பேர் வந்தார்கள். அந்த ஆட்டத்தை வென்றும்விட்டார்கள். சேற்று மழை, பந்து ஒருவருக்கும் பிடிபடவில்லை, எதிராளிகளுக்குக் கொஞ்சம் கூடப் பிடிபடவில்லை. பெரியவன் என்னைத் தூக்கிவிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. இறக்கு என்றேன். இறக்கினான். அன்றைக்குப் பஸ் கழுவ எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அதற்கு அடுத்த ஆட்டத்தில் இருபது பேர், தோல்வி.

கடைசி ஆட்டம் மார்ச் தொடக்கத்தில். காலை எட்டரைக்கு வாசலில் நின்றேன். ஒவ்வொருவராய் வந்தார்கள். அணித்தலைவன் படியடியில் நின்று பட்டியலில் கோடு போட்டான். ஒருவன் வயிற்றுப்போக்கு என்று செய்தி அனுப்பினான். இன்னொருவன் போனை எடுக்கவே இல்லை. பெரியவன் ஓடி வந்து ஏறினான், வண்டி சாய்ந்தது. அணித்தலைவன் பேனையை மூடினான்.

"பதினெட்டு," என்றான். "சரியாகப் பதினெட்டு."

பிள்ளையும் கோச்சும் சேர்த்து இருபது. நான் கண்ணாடியில் எண்ணினேன். இருபது.

தாய் பெட்டியை நீட்டினா. "அண்ணை, மரக்கறி ரோல்ஸ்தான். தவக்காலம்."

பின்னாலிருந்து ஒரு குரல், "மட்டன் எங்கே?"

"லென்ட்!" என்றாள் பிள்ளை. "நாற்பது நாள். நோ மீட். சாப்பிடு, இல்லாட்டி விடு."

"நாங்கள் தோற்றதுக்கு நீங்கள் நோன்பு இருக்கிறீர்களா?" என்று கேட்டான் போலந்துப் பெடியன். அவனும் கத்தோலிக்கன், அவனுக்குத் தெரியும். பஸ் சிரித்தது.

தாய் யன்னலடிக்கு வந்தா. எல்லாத் தரமும் சொல்வதையே சொன்னா. "பாத்துக் கொள்ளுங்கோ அண்ணை."

"ஓம்."

மோட்டர்வேயில் ஒன்றேகால் மணித்தியாலம் போய், பாதையோரத்தில் சாப்பாட்டுக் கடைகள் உள்ள ஒரு சேர்விஸில் நிறுத்தினேன். பெடியள் இறங்கிச் சாப்பிட, கக்கூசுக்குப் போக. இருபத்தைந்து நிமிடம் என்றேன். பெரியவன் இறங்க முதல் தன் போனைத் தந்தான், சார்ஜ் இல்லை, முன்னால் சார்ஜரில் குத்திவிடச் சொன்னான். குத்திவிட்டேன்.

நேரத்துக்கு எல்லாரும் ஏறினார்கள். மழை தூறியது. கண்ணாடியில் பார்த்தேன். கடைசிச் சீட்டில் பெரியவன் ஹூடியை முகத்துக்கு இழுத்துவிட்டு யன்னலில் சாய்ந்து நித்திரை. அவன் அப்படித்தான், சாப்பிட்டால் நித்திரை. இருபது. கதவைப் பூட்டினேன். வெளிக்கிட்டேன்.

அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம். மைதானம் வந்தது. எல்லாரும் சாமானோடு இறங்கினார்கள். அணித்தலைவன் இலக்கம் போட்ட சேட்டுகளைக் கொடுத்துக்கொண்டு நின்றவன் திரும்பி என்னிடம் வந்தான்.

"அங்கிள், பெரியவன் எங்கே?" அவன் சொன்னது பெயரை. அதை நான் எழுதவில்லை.

"பின்னாலை. நித்திரை. எழுப்பு."

போனான். அவன் நடக்கிறதைக் கண்ணாடியில் பார்த்தேன். கடைசிச் சீட்டில் குனிந்தான். ஹூடியைப் பிடித்து இழுத்தான். ஹூடிக்குள் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே தோள் கவசம், அதன்மேல் ஹூடி. ஹூடி மழையில் நனையாமல் இருக்க அவன் அதைக் கழற்றித் தன் சாமானுக்குப் போட்டு, சீட்டில் இருத்தி, யன்னலில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

நான் எண்ணினது அதைத்தான்.

எழும்பிப் பின்சீட்டு வரை நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. அவன் போன் எனக்கு முன்னால் பச்சை விளக்கோடு கிடந்தது. நூறு வீதம்.

அணித்தலைவன் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லம். அந்தச் சீட்டில், கவசத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பதினேழு," என்றான்.

ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. போய்வரக் குறைந்தது இரண்டு வேண்டும். அந்த சேர்விஸ் போகிற பக்கத்தில் இருக்கிறது. திரும்பிப் போகிறவன் அதைத் தாண்டி, அடுத்த சந்தி வரை போய், வளைந்து வர வேண்டும். கோச் நடுவரிடம் போய்க் கேட்டார். நடுவர் நேரத்துக்கு எண்ணுவேன், பொறுக்க ஏலாது என்றார். அவர் வேலை அது.

"என்னிலை பிழை," என்றேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "நான் எண்ணினது பிழை."

பெடியள் சாமானைக் கீழே வைத்தார்கள். ஒரு பெடியன் மட்டும், "அவன் எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லையே அங்கிள்," என்றான். நல்ல மனதுக்குச் சொன்னான். எனக்கு உதவவில்லை.

பிள்ளை அப்போது பஸ்ஸுக்குள் ஏறினாள். பின்னுக்குப் போனாள். பெரியவனின் கவசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது அவளை மறைத்தது. அணித்தலைவனுக்கு முன்னால் வைத்தாள்.

"நானும் லிஸ்டிலை இருக்கிறன்," என்றாள். முதல் இங்கிலிஷில் அவனுக்கு. பிறகு தமிழில் எனக்கு.

அணித்தலைவன் பட்டியலை எடுத்தான். பார்த்தான். ஒக்டோபரில் பிரிக்கப் பஞ்சிப்பட்டு எழுதின பட்டியல். அவள் பெயர் ஆட்டக்காரர் நிரையில் இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், தாய்க்கு நான் என்ன சொன்னேன் என்று.

"சும்மா ஓரமா நிப்பன் அங்கிள். எண்ணி முடிய மட்டும். உள்ளுக்கை இறங்க மாட்டன்."

இறங்காமல் இருக்க ஏலாது என்று எனக்கு விளங்கியது. பதினேழு பேரில் இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வந்தவர்கள். இன்னும் நாலைந்து பேர் விழுந்தால் அடுத்தது இவள். அணித்தலைவனுக்கும் விளங்கியது. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நின்றான்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அவள் வைத்துவிடுவாள். நான் சொல்லவில்லை. தாய்க்குக் கொடுத்த சொல்லை நானே முறித்தேன். அதை வேறு ஒருவர் தலையில் போட மாட்டேன்.

"ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டு," என்றேன். "கண்டபடி ஓடாதை. நிக்கிற இடத்தைப் பார்."

பஸ்ஸைத் திருப்பினேன். கண்ணாடியில் கடைசியாகக் கண்டது, நாலு பெடியள் சுற்றி நின்று அவளுக்குக் கவசத்தை வைத்து, அது கழன்று விழாமல் பட்டியால் சுற்றுகிறார்கள். ஐந்து மாதம் அவள் அவர்களுக்குச் சுற்றின பட்டி. ஒரு முழு உருளை முடிந்து இரண்டாவதை எடுத்தார்கள். சேட்டு முழங்கால் வரை. பின்னல் ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கியது.

ஆளில்லாத பஸ்ஸில் சத்தம் அதிகம். நான் றேடியோ போடவில்லை. போகும்போது பாதை வேலை, ஒரு நிரைதான் திறந்திருந்தது. இருபது நிமிடம் அதில் போனது. தாயின் இலக்கம் என் போனில் இருந்தது. எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக்கூடாது. நின்றாலும் எடுத்திருக்க மாட்டேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை.

சேர்விஸில் பஸ் நிறுத்துகிற இடத்தில், மழைக்குள், கரைக்கல்லில் பெரியவன் குந்தியிருந்தான். உள்ளே போய் இருக்கலாம். பஸ் வந்தால் காணாமல் விட்டுவிடுவேனோ என்று வெளியே இருந்திருக்கிறான். என்னைக் கண்டு எழும்பினான். கையில் ஒரு கோப்பி. ஆறிப்போனது.

"உங்களுக்கு வாங்கினது அங்கிள். வரிசை நீளம். வந்து பார்த்தால் பஸ் இல்லை."

அவன் பிந்தினது எனக்குக் கோப்பி வாங்க.

"போன் எடுத்திருக்கலாமே. ஆரிட்டையும் வாங்கி."

"அம்மாவின் இலக்கம் மட்டும்தான் பாடம். அம்மாவுக்கு எடுத்தேன். அம்மா என்ன செய்வா, அழுதா."

நான் கோப்பியை வாங்கி முழுக்கக் குடித்தேன். "உன்னை எண்ணினனான்," என்றேன்.

"எப்படி?"

"உன்ரை கவசத்தை எண்ணினனான். ஹூடி போட்டிருந்தது."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். படியில் ஏறும்போதும் சிரித்தான், வண்டி குலுங்கியது. முன்சீட்டில் இருந்ததும் கொஞ்சத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டான். "அப்ப ஆட்டம்?" என்றான். சொன்னேன். பிள்ளை அவன் கவசத்துக்குள் நிற்கிறாள் என்றேன். அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். மற்ற முக்கால் மணித்தியாலமும் முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தான்.

நாங்கள் போய்ச் சேர ஆட்டத்தின் கடைசிக் காற்பங்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் நடக்கிறது என்று பாதையில் இருந்தே கண்டேன். அங்கே நிற்கிற ஆட்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள். பஸ்ஸைக் கோணலாக விட்டுவிட்டு இறங்கினேன். என் வாழ்க்கையில் நான் பஸ்ஸைக் கோணலாக விட்டதில்லை.

இருபதுக்குப் பதினாலு. தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஆறு புள்ளிதான். ஏழு பேர் ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். பின்னலைத் தேடினேன். ஓரத்தில் இல்லை. உள்ளே நின்றது.

பெரியவன் கோச்சிடம் ஓடினான். "கவசத்தைத் தரச் சொல்லுங்கள், நான் இறங்குகிறேன்."

கோச்சுக்குத் தொண்டை முழுக்கப் போய்விட்டது. கையால் கத்தரிக்கோல் காட்டினார், பிறகு மணிக்கூட்டைக் காட்டினார். இரண்டு உருளைப் பட்டி. வெட்டி எடுக்க முதல் ஆட்டம் முடிந்துவிடும்.

எதிராளியின் ஓட்டக்காரன் பெரிய ஆள் இல்லை, ஆனால் வெடி மாதிரி. பந்து வர முதல் அவன் நின்ற நிலையை நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் பெடியள் எல்லாரும் இடப்பக்கம் பாய, அவள் மட்டும் வலப்பக்கம் நாலடி வைத்து, நின்றாள். ஓடவில்லை. கையை விரிக்கவில்லை. அவன் எல்லாரையும் தாண்டி வந்தான், தாண்டின சந்தோசத்தில் வந்தான், நேரே அவளில் வந்து மோதினான்.

இரண்டு பேரும் விழுந்தார்கள். சத்தம் எனக்குக் கேட்டது.

நான் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். ஒரு நடுவர் என்னைப் பார்த்துக் கத்தினார். அவள் எழும்பினாள். ஹெல்மெட் ஒரு பக்கம் திரும்பி, கண் இருக்க வேண்டிய இடத்தில் காது ஓட்டை. கையால் திருப்பி நேராக்கினாள். என்னைக் கண்டாள்.

"அங்கிள், வெளியிலை போங்கோ!" என்று கத்தினாள். "பெனால்ட்டி தருவாங்கள்!"

வெளியே போனேன்.

அதற்குப் பிறகு புள்ளி ஒன்றும் மாறவில்லை. இருபதுக்குப் பதினாலு. நடுவர் விசில் ஊதினார். அணித்தலைவன் முழங்காலில் இருந்துவிட்டான். தோற்றதுக்கு இல்லை, அணி தப்பினதுக்கு. பெடியள் அவனையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கினார்கள். எதிராளிகளும் வந்து கை தட்டினார்கள். அவளில் மோதின பெடியன் வந்து, உன் கவசத்துக்குள் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டானாம். கத்தரிக்கோலால் பட்டியை வெட்ட நிறைய நேரம் எடுத்தது. பெரியவன் பக்கத்தில் நின்று, "என் கவசம், பார்த்து வெட்டு," என்றான். "இப்ப அரைவாசி என்ரை," என்றாள் அவள். இடது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நான் இரண்டு தரம் கேட்டேன்.

வெளிக்கிட முன் என் சீட்டில் இருந்து எழும்பினேன். நடுவால் நடந்து பின்னுக்குப் போனேன். ஒவ்வொருவன் தோளிலும் கை வைத்தேன். வாய் விட்டு எண்ணினேன், தமிழில். ஒன்று, இரண்டு. மூன்றாவது பெடியன், "என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டான்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் பிள்ளை. "ஓம் எண்டா யெஸ்."

சொன்னார்கள். இருபது பேர், இருபது ஓம். பெரியவனின் தோளில் கையை இரண்டு தரம் வைத்தேன்.

கல்லூரி வாசலில் பின்னேரம் தாய் காருக்குள் இருந்தா. நான் முதலில் இறங்கினேன். பிள்ளை பின்னால் இறங்கி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"அக்கா, பிள்ளை உள்ளுக்கை இறங்கினவள்," என்றேன். "நான் தடுத்திருக்கலாம். தடுக்கேல்லை. ஆள் குறைஞ்சது என்ரை பிழையாலை."

தாய் என்னைப் பார்த்தா. பிறகு பிள்ளையை, தலையில் இருந்து கால் வரை. முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. நான் நின்றேன். திட்டு வரும் என்றுதான் நின்றேன்.

"விழுந்தவளோ," என்று கேட்டா, "விழுத்தினவளோ?"

"இரண்டும்."

"பெரிய பெடியனோ?"

"ஓரளவு."

தாய் பிள்ளையின் முழங்கையை விட்டா. "உங்களை இனி நம்பேலாது அண்ணை," என்றா. அது பகிடி இல்லை. பிறகு வெறும் பெட்டியை என் கையில் இருந்து வாங்கினா, திறந்து பார்த்தா. "மரக்கறி எண்டும் மிச்சம் விடேல்லை," என்றா. காரில் ஏறினா. கார் போகும்போது பிள்ளை உள்ளே இருந்து கைகளால் எதையோ காட்டிக் காட்டிக் கதைப்பது தெரிந்தது. தாய் பாதையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தா. ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு அது பிடிக்கவில்லை.

அணி கலையவில்லை. கண்ணாடிப் பெடியன் படித்து முடித்துப் போய்விட்டான். போக முதல் ஒரு நாள் டிப்போவுக்கு வந்து ஒரு சேட்டு தந்தான். முதுகில் பதினெட்டு. அதைப் போடவில்லை, வீட்டில் கிடக்கிறது.

இந்த ஒக்டோபரில் கொம்பனி கேட்டது, வேறு ஆளைப் போடட்டோ என்று. வேண்டாம் என்றேன். வாசலில் போய் நின்றேன். இருபத்தாறு பேர். புதுப் பெடியள் பாதி. பிள்ளை தன் அளவுக் கவசத்தோடு வந்தாள். பெட்டியோடு தாயும் வந்தா. என் கண்ணை நேரே பார்த்தா. பாத்துக் கொள்ளுங்கோ என்று சொல்லவில்லை. "முழங்கைக்குப் போடுற உறையும் வாங்கிக் குடுத்திருக்கிறன். போடுறாளோ எண்டு பாருங்கோ," என்றா.

"ஓம்," என்றேன்.

பிறகு இறங்கிப் போய்க் கீழ்ப் பெட்டிக் கதவைத் திறந்தேன். உள்ளே பழைய மெத்தை விரித்து, பலகை வைத்துத் தட்டுப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. வெடிக்காது. கவசம், ஹெல்மெட், ஹூடி எல்லாம் அங்கே. சீட்டில் ஆட்கள் மட்டும்.